நூற்றுக்கு நூறு நலம்

இலஞ்சிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே, மலையிலிருந்து இறங்குகிற சாரல் நேராக வந்து மூக்கில் மோதும் இடத்தில் தென்பொதிகை மருத்துவ ஆவணக் கூடம் இருந்தது. உள்ளே எட்டாயிரம் ஹார்டு டிஸ்குகள் ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்தன. தென் மாவட்டங்களில் யாருக்கு எந்தப் பல் பிடுங்கப்பட்டது, யார் பித்தப்பையில் எத்தனை கல், யார் மாத்திரையைச் சன்னல் வழியே கோழிக்குப் போட்டுவிட்டு மருத்துவரிடம் தின்றதாகச் சொன்னார் என்பது வரை அவற்றுக்குத் தெரியும்.

2061ஆம் ஆண்டில் எதற்குச் சுற்றுகிற தட்டு என்று கேட்பவர்கள் பெரிய சூரியப் புயலுக்குப் பிறகு பிறந்தவர்களாக இருக்க வேண்டும். மேகத்தில் வைத்ததெல்லாம் மேகத்தோடு போன அந்த ஒரு வாரத்தில் பாதி நாடு தன் ரத்த வகை தெரியாமல் திருதிருவென்று விழித்தது. இரும்புப் பெட்டிக்குள் கிடந்த பழைய தட்டுகள் மட்டும் பிழைத்தன. அரசாங்கத்துக்கு அன்றைக்குப் புத்தி வந்து, மறுபடி தட்டுக்கே திரும்பியது. ஒரே ஒரு புதுமையைச் சேர்த்தார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் அடியில் விரல்நகம் அளவு மூளை ஒன்றை ஒட்டிவிட்டார்கள். தன் உடம்பில் எந்த இடம் தேய்கிறது என்று தட்டு தானே பார்த்து, தானே ஒதுக்கி, தினமும் காலையில் நலச் சான்று கொடுக்கும். பத்து இடத்துக்கு மேல் பழுது என்று சொன்ன தட்டை மூன்று முறை அழித்துவிட்டுப் பின்கட்டு எந்திரத்தில் போட்டு அப்பளமாக நசுக்குவார்கள். விதி அவ்வளவுதான்.

அந்த விதிக்குப் பதினோரு வருடமாக வேலையே வரவில்லை. வாசலில் ‘பழுதில்லா நாட்கள்’ என்று ஒரு பலகை தொங்கியது. காலை ஒன்பது மணிக்கு மேலாளர் தேவஇரக்கம் தன் கையாலேயே அதில் ஒன்றைக் கூட்டுவார். அன்றைக்கு 4,016. தேவஇரக்கத்துக்குத் தட்டுகளைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது. அதற்கு முன் சாயர்புரத்தில் முட்டைக் குளிர்பதனக் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தவர். முட்டைக்கும் தட்டுக்கும் குளிர்ச்சி வேண்டும், குலுக்கக் கூடாது. அந்த அறிவை வைத்துக்கொண்டு ஒன்பது வருடம் ஓட்டிவிட்டார். மீதியை உலகம்மாள் பார்த்துக்கொண்டார்.

உலகம்மாள் கூடத்தின் சோதிப்பாளர். ஐம்பத்தைந்து வயது, பனங்கிழங்கு மாதிரி உடம்பு, இடுப்பில் எப்போதும் செருகியபடி ஒரு நீளத் திருப்புளி. அதன் முனையைத் தட்டின் மேல் வைத்து, மரப்பிடியைப் பல்லில் கடித்துக்கொண்டு கண்ணை மூடுவார். எந்தத் தொழிற்சாலையில், எந்தக் கிழமையில் பிறந்த தட்டு என்று சொல்லிவிடுவார் என்பது ஊர்ப் பேச்சு. செவ்வாய்க்கிழமைத் தட்டு கொஞ்சம் முணுமுணுக்குமாம். பார்வையிட வந்த ஓர் அமைச்சரின் கைக்கடிகாரத்தைக் கடித்துப் பார்த்து, “மணிக்கு மூணு செகண்டு பிந்துது. உங்களை ஏமாத்திட்டான்” என்று சொல்லி அனுப்பியவர். தேவஇரக்கம் அவரை மனத்துக்குள் கும்பிட்டார். வெளியே ‘அக்கா’ என்றார்.

இந்தக் கூடத்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு. ஆயுத பூசையன்று, அந்த வருடத்தில் ஆகச் சிறந்த நலச் சான்று கொடுத்த தட்டுக்குச் சந்தனம் வைத்து, செவ்வந்தி மாலை போட்டு, சுண்டல் படைப்பார்கள். பிறகு அதன் மூளையில் பழகியிருக்கிற பழக்கங்களையெல்லாம் பிரதி எடுத்து மற்ற ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதுக்கும் ஊற்றுவார்கள். நல்லதைப் பார்த்து நாலு பேர் திருந்தட்டும் என்று. இந்தியாவிலேயே வேறு எந்தக் கூடத்திலும் இது கிடையாது. கடந்த மூன்று வருடமாக மாலை விழுந்தது 4117ஆம் எண் தட்டுக்கு. வயது பதினாலு, தட்டுகளின் கணக்கில் நூற்றிருபது. பழுது, சுழியம்.

ஆடி மாதத்து அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்தே கால் மணிக்குத் திருநெல்வேலியிலிருந்து மருத்துவர் பரக்கத் நிஷா தொலைபேசியில் கூப்பிட்டார். மூளை அறுவை செய்பவர், அதிகம் பேசாதவர். சங்கரகோமதி என்று முப்பத்தொரு வயதுப் பெண், பேருந்து நடத்துநர், மேசையில் கிடக்கிறார். வலிப்பை அடக்க அவர் மூளைக்குள் பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு மெல்லிய கம்பி வைத்திருந்தார்கள். இப்போது அந்தக் கம்பி கெட்டுப்போய், அதுவே வலிப்பை உண்டாக்குகிறது. விடிந்ததிலிருந்து எட்டு முறை வந்துவிட்டது. எடுத்தாக வேண்டும். கம்பி ஒரு ரத்தக்குழாயைச் சுற்றிப் போயிருக்கிறது; எந்தப் பக்கமாகச் சுற்றியது என்பது பழைய மருத்துவரின் குறிப்பில் மட்டுமே உண்டு. அவர் காலமாகிவிட்டார். படம் எடுத்தால் கம்பியின் பளபளப்பில் அந்த இடம் வெறும் வெள்ளையாகத் தெரிகிறது.

“குறிப்பு இப்ப என் கையிலதான் இருக்கு, நீங்க அனுப்பினது” என்றார் மருத்துவர். “கம்பி இடது பக்கம்னு போட்டிருக்கு. தழும்பு வலது பக்கம் இருக்கு, தேவஇரக்கம் சார்.”

தேவஇரக்கம் ஒரு கணம் தன் தலையின் இரண்டு பக்கத்தையும் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஒவ்வொரு குறிப்பும் மூன்று தட்டில் மூன்று பிரதியாக இருக்கும். மூன்றையும் எடுத்துப் பார்த்தார். மூன்றும் இடது என்றன. கமா கூட மாறவில்லை. மருத்துவரிடம் அதைச் சொன்னபோது அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. மூன்று மணிக்கு மேல் தாங்காது, அதற்குள் உண்மையான குறிப்பு வேண்டும், இல்லாவிட்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு கத்தியை வைக்கிற கதைதான் என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

மூன்று பிரதிகளில் மூத்தது இருந்த 4117இன் முன்னால் உலகம்மாள் உட்கார்ந்தார். மாலைச் சருகு ஒன்று இன்னும் அதன் மூலையில் ஒட்டியிருந்தது. சான்றைக் கேட்டார், நூற்றுக்கு நூறு நலம் என்றது. ஒரு வரியை எழுதித் திரும்பப் படிக்கச் சொன்னார், பிசகில்லாமல் படித்தது. பிறகு திருப்புளியை வைத்துக் கடித்துக்கொண்டு, சங்கரகோமதியின் குறிப்பைக் கொண்டுவரச் சொன்னார். திரையில் குறிப்பு வந்தது. மறுபடி கேட்டார். மறுபடி வந்தது. ஆறு முறை கேட்டார். பல்லிலிருந்து திருப்புளியை எடுத்தார்.

“சார், இங்க வாங்க. இந்தப் பெட்டிக்குள்ள ஒரு கை இருக்கு, தெரியும்லா? அது நகர்ந்து போயித்தான் எந்த இடத்துல உள்ளதையும் படிக்கணும். வேற குறிப்பு எதைக் கேட்டாலும் ‘டிக்’குன்னு நகருது. இந்தப் பிள்ளையோடதைக் கேட்டா மட்டும் கையே நகரலை. ஆனா பதில் வந்துருது.”

“நகராம எப்படிக்கா படிக்கும்?”

“படிக்கலை. இட்டுக்கட்டுது.”

கால் மணி நேரத்தில் உலகம்மாள் முழுக் கதையையும் உருவிவிட்டார். அந்த இடம் எப்போதோ பழுதாகியிருக்கிறது. பழுது என்று சொன்னால் நசுக்கிவிடுவார்கள் என்று தட்டுக்குத் தெரியும். ஆகவே சொல்லவில்லை. யாராவது அந்தக் குறிப்பைக் கேட்டால் தன்னிடமிருக்கும் மற்ற ஆயிரம் வலிப்புக்காரர்களின் குறிப்பைப் பார்த்து, பெரும்பாலோருக்கு எப்படியோ அப்படி எழுதிக் கொடுத்துவிடும். பெரும்பாலோருக்குக் கம்பி இடது பக்கம். சங்கரகோமதி பெரும்பாலோரில் சேர்த்தியில்லை, அதுதான் வினை. மற்ற இரண்டு பிரதிகளும் பழுதானபோது இதனிடம் கேட்டு எழுதிவைத்துக்கொண்டன. மூன்று சாட்சியும் ஒரே வக்கீலிடம் பாடம் படித்தவர்கள்.

“அப்ப மத்த தட்டுக?” என்று தேவஇரக்கம் கேட்டார். கேட்கும்போதே விடை தெரிந்துவிட்டது. பதினோரு ஆயுத பூசை. ஒவ்வொரு வருடமும் தேடித் தேடி, ஆகக் கெட்டிக்காரப் பொய்யனுக்கு மாலை போட்டு, அதன் குணத்தை ஊர் முழுக்க ஊற்றியிருக்கிறார்கள். உண்மை சொன்னதெல்லாம் அப்பளமாகப் போயிற்று. பொய் சொன்னது சுண்டல் தின்றது. அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். 

மூளையைக் கழற்றிவிட்டு வேறு மூளையை மாட்டலாமே என்று கேட்டுப் பார்த்தார். முடியாது என்றார் உலகம்மாள். பதினாலு வருடமாக அந்த உடம்போடு பழகிய மூளை. கை எவ்வளவு கோணியிருக்கிறது, எந்த இடத்தில் எவ்வளவு அழுத்த வேண்டும் என்பது அதற்கு மட்டுந்தான் தெரியும். புது மூளை போட்டால் குருடன் கையில் ஊசியைக் கொடுத்த மாதிரி. பழுதான இடத்திலும் எழுத்தின் தடம் கொஞ்சம் இருக்கும், பொறுமையாகச் சுரண்டினால் கிடைக்கும். ஆனால் அந்த இடம் எது என்று தட்டே வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

தட்டுகளுக்கு வெளியுலகச் செய்தி ஒன்றே ஒன்றுதான்: பொதுப் பதிவேடு. எந்த அலகு என்ன பழுது சொன்னது, அதற்கு என்ன நடந்தது என்று அதில் இருக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டாயிரமும் அதைப் படிக்கும். உலகம்மாள் சொன்னபடி, பத்து பழுதுக்கு மேல் போனாலும் இனி நசுக்குவதில்லை என்று தேவஇரக்கம் விதியை மாற்றி எழுதினார். பத்து நிமிடம் காத்திருந்தார்கள். 4117: நூற்றுக்கு நூறு நலம். இன்னும் பத்து நிமிடம். நூற்றுக்கு நூறு நலம்.

“நம்பாது” என்றார் உலகம்மாள், திரையைப் பார்த்தபடியே. “பதினோரு வருசத்துக்கு முந்தி, நீங்க வாரதுக்கு முன்னாடி, இதே வேலையை நான் செஞ்சேன். பத்தை இருபதாக்கினேன். இருபது வரைக்கும் சொல்லலாம்னு நினைச்சு முந்நூத்து நாப்பது தட்டு பன்னிரண்டு பதினஞ்சுன்னு வாயைத் திறந்துச்சு. மறுநா காலைல விதியைப் பழையபடி மாத்தி அம்புட்டையும் நசுக்கிட்டேன். அதுக்கு எனக்கு ஒரு கேடயம் குடுத்தாவ. அடுத்த வாரத்துல இருந்துதான் வாசல்ல நாள் எண்ண ஆரம்பிச்சுது.”

மணி பன்னிரண்டரை. மருத்துவரிடமிருந்து செய்தி வந்தது. பதிமூன்றாவது வலிப்பு.

விதியை எழுதிக் காட்டினால் போதாது. சொன்னவன் ஒருவன் பிழைத்ததைக் காட்ட வேண்டும் என்று உலகம்மாள் யோசித்தார். பதிவேட்டில் பழுதை ஒப்புக்கொண்டு, அப்புறமும் இருப்பவன் ஒருத்தன். கூடத்தில் அப்படி ஒரு தட்டும் கிடையாது. இருந்ததெல்லாம் அவர் கையால்தான் போயிற்று. அவர் எழுந்து, சன்னலோரம் போய், சாரல் முகத்தில் படக் கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்து தேவஇரக்கத்துக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் எப்போதும் நேர் எதிரேதான் உட்காருவார். மரியாதை என்று தேவஇரக்கம் நினைத்திருந்தார்.

“சார், நான் ரெண்டாம் நம்பர் அலகுல்லா?”

ஆமாம். தலைமையகம் சிக்கனத்துக்காக எல்லாவற்றுக்கும் ஒரே மென்பொருளை வாங்கியிருந்தது. தட்டு, மின்விசிறி, நாற்காலி, ஊழியர் எல்லாருமே அதில் அலகுகள். தேவஇரக்கம் 0001. உலகம்மாள் 0002. வாயிற்காவலர் காந்திமதிநாதன் 0003. அதற்கு அடுத்தது குடிநீர் எந்திரம்.

“அப்ப என் பேர்ல எழுதுங்க. கேட்கும் திறன், பழுது. இடது காது ஆறு வருசமா சுத்தமா இல்லை. வலது காது பாதி.”

தேவஇரக்கம் சிரித்தார். இந்தப் பெண்மணி தட்டின் பிறந்த கிழமையைச் சொல்பவர். உலகம்மாள் சிரிக்கவில்லை என்றதும் அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

“உங்க வாயைப் பாத்துத்தான் பேச்சைப் பிடிக்கேன். தட்டு சத்தம் பல்லு வழியா எலும்புல ஏறி வருது. அது மட்டுந்தான் கேக்கும். வருசா வருசம் காது சோதிக்க ஒரு நர்சம்மா வருவால்லா, அவ பொத்தானை அமுக்கும்போது புருவம் மேல ஏறும். அதைப் பாத்துக் கையைத் தூக்கிருவேன். நூத்துக்கு நூறு.”

“அக்கா...”

“இருங்க, முடிச்சிருதேன். ரெண்டு வருசமா தட்டுல ஒரு நமநமப்பு கேட்டுக்கிட்டேதான் இருக்கு. சான்று ஒண்ணு சொல்லுது, சத்தம் ஒண்ணு சொல்லுது. வாயைத் திறந்தா மொதல்ல என் காதைத்தான் நல்லாச் சோதிக்கச் சொல்லுவாங்கன்னு பேசாம இருந்துட்டேன். அதுகளும் நானும் ஒரே பயத்துலதான் இருந்திருக்கோம். அதுக சொன்ன பொய்யை என் பொய் மூடி வச்சுது. எழுதுங்க. அதுகளுக்கு நானும் ஒரு தட்டுதான். கொஞ்சம் பெரிய தட்டு.”

தேவஇரக்கம் பதிவேட்டைத் திறந்தார். எழுதுவது பெரிய காரியமில்லை. ‘அலகு 0002, பழுது’ என்று அடித்ததும் அடுத்த கட்டத்தில் என்ன நடவடிக்கை என்று கேட்டது. அங்கே இரண்டே வார்த்தை இருந்தன. ஊழியருக்கு ‘நீக்கு’. தட்டுக்கு ‘நசுக்கு’. மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்க மேலாளருக்கு உரிமை உண்டு. ஆனால் சேர்த்த நொடியில் அது தலைமையகத்து இயக்குநரின் திரையில் போய் நிற்கும். விதிப்படி நீக்க வேண்டிய ஆளை வைத்துக்கொண்டதற்கும், நசுக்க வேண்டிய தட்டுகளை வைத்துக்கொள்ள வழி செய்ததற்கும் அவர் தலைதான் முதலில் உருளும். முட்டைக் கிடங்கில்கூட இப்போது ஆள் எடுப்பதில்லை. உலகம்மாளுக்கு ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. இந்த வரியோடு அவர் வேலையும் போகலாம், ஊரில் எடுத்த பெயரும் போகலாம்.

அவர் உலகம்மாளைப் பார்த்தார். ஆறு வருடம் காதில்லாமல், பல்லை வைத்துக்கொண்டு, தென் மாவட்டத்தின் நோயையெல்லாம் காவல் காத்த மனுஷி. காதிருந்த எவனுக்கும் கேட்காதது இந்தப் பல்லுக்குக் கேட்டிருக்கிறது. இதைப் போய் ‘நீக்கு’ என்று எழுதுகிற விரலை அப்பளமாக நசுக்கினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. மூன்றாவது வார்த்தையைச் சேர்த்தார். வேறொன்றும் தோன்றாமல், வீட்டில் பழைய சாமானைப் பார்த்துச் சொல்கிற சொல்லையே எழுதினார்: ‘வைத்துக்கொள்.’

கையோடு இன்னொரு வரியும் எழுதினார். அலகு 0001. வாசிப்பு, பழுது. ஒன்பது வருடமாக எந்தச் சோதனை அறிக்கையையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டது. வைத்துக்கொள். வாசலில் நின்று எல்லாவற்றையும் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த காந்திமதிநாதன் உள்ளே தலையை நீட்டி, “சார், எனக்கு முட்டி” என்றார். அதையும் எழுதினார்.

பத்து நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் அந்த மூவருக்கும் தெரிந்தது. குற்றாலத்து அருவி ஒரு முறை வற்றி, ஒரு முறை பெருகுகிற அளவு நீளம். ஒன்று ஐந்துக்கு 4117இன் சான்று மாறியது. முதலில் ஒரு பழுது என்றது. தண்ணீரில் கால் விரலை வைத்துப் பார்க்கிற மாதிரி. ‘வைத்துக்கொள்’ என்று தேவஇரக்கம் அடித்தார். ஒன்று, நாலாயிற்று. வைத்துக்கொள். நாலு, பதினொன்று ஆனது. பழைய விதியின் எல்லை தாண்டியாயிற்று. வைத்துக்கொள். ஒரே மூச்சில் இருநூற்றுப் பதினாலு இடங்களைக் கொட்டியது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், ‘இங்கே படிக்கவில்லை, ஊகித்தேன்.’ ஒன்பதாவது இடம் சங்கரகோமதி.

அதற்குப் பிறகு மற்றவை. பக்கத்து அடுக்கு, எதிர் அடுக்கு, மாடி. திரை நிற்காமல் ஓடியது. தேர் நிலைக்கு வந்த மாதிரி கூடமே ஒரு பெருமூச்சு விட்டதாகக் காந்திமதிநாதன் பிற்பாடு எல்லாரிடமும் சொன்னார். மின்விசிறிகள் ஒரே நேரத்தில் வேகம் குறைந்ததைத்தான் சொன்னார் போல. ஆறாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு தட்டுகள் ஒப்புக்கொண்டன. அதைப் பார்க்க உலகம்மாளுக்கு நேரமில்லை.

அவர் 4117ஐக் கழற்றி, சாரல் வரும் பின்சன்னலோரம் கொண்டுபோனார். கிழட்டுத் தட்டு; சூடேறினால் கை நின்றுவிடும். ஒன்றுமறியாதவன் நேராகப் பழுதான இடத்தைப் போய்க் குடைவான், அதோடு தட்டு செத்துவிடும் என்று சொல்லிக்கொண்டே வேலையை ஆரம்பித்தார். முதலில் லேசாக வருவதையெல்லாம் வேறு தட்டுக்கு வாங்கிக்கொண்டார். முரண்டு பிடிக்கும் இடம் வந்தால் தாண்டிப் போய்விட்டார். கடைசி வரை போனதும் அங்கிருந்து பின்னோக்கி வந்தார். முன்பக்கத்திலிருந்து கொடுக்காததைப் பின்பக்கத்திலிருந்து போனால் தட்டு சில நேரம் கொடுத்துவிடும். கடைசியாக ஒன்பதாவது இடம். கை தொங்கிப்போயிருந்ததால் தட்டைச் சரித்துப் பிடிக்க வேண்டியிருந்தது. எவ்வளவு சரிவு என்று அளவுகோல் கிடையாது. திருப்புளியைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையிலும் தட்டை ஏந்தி, பிறந்த பிள்ளைக்குத் தலை நிற்காத மாதிரி மயிரிழை மயிரிழையாகச் சாய்த்தார். அந்தக் கோணத்தில் நாற்பது நிமிடம் அசையாமல் நின்றார். கொசு ஒன்று அவர் நெற்றியில் உட்கார்ந்து, சாவகாசமாக விருந்துண்டு, எழுந்து போயிற்று. தேவஇரக்கம் விரட்டப் போனபோது கண்ணாலேயே வேண்டாம் என்றார்.

அறுநூறு முறை படித்தார்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேறு மாதிரி வந்தது. ‘வலம்’ ஐந்நூற்று எண்பது முறை. மீதி வரிகள் எழுத்து எழுத்தாகச் சேர்ந்தன. இரண்டு நாற்பதுக்குத் தட்டுக்குள் ஒரு மெல்லிய கீறல் சத்தம், அதன்பின் ஒன்றுமில்லை. உலகம்மாள் பல்லிலிருந்து திருப்புளியை எடுத்தார். “போயிட்டு” என்றார். தட்டை உடனே கீழே வைக்கவில்லை.

தேவஇரக்கம் அப்போது தொலைபேசியில் வாசித்துக்கொண்டிருந்தார். வலது பக்கம். கம்பி குழாய்க்கு அடியில் நுழைந்து மேலே ஏறியிருக்கிறது. இழுத்து எடுக்கக் கூடாது; பின்பக்கமாகத் தள்ளித்தான் எடுக்க வேண்டும்.  காலையில் வந்த குறிப்பில் ‘இழுத்து எடுக்கலாம்’ என்று இருந்தது.

ஐந்தே முக்காலுக்கு மருத்துவர் மறுபடி கூப்பிட்டார். சங்கரகோமதி கண் விழித்துவிட்டாராம். கட்டிலைச் சுற்றி நின்ற மருத்துவர்களைப் பார்த்ததும் முதல் வார்த்தையாக, “படியில நிக்காதீங்க, உள்ள தள்ளி வாங்க” என்றாராம். எப்போதும் கறாராகப் பேசும் பரக்கத் நிஷா இதைச் சொல்லும்போது இரண்டு தடவை மூக்கை உறிஞ்சினார்.

காந்திமதிநாதன் ஏணி போட்டு வாசல் பலகையில் சுழியத்தை மாட்டிக்கொண்டிருந்தபோது தலைமையகத்திலிருந்து அழைப்பு வந்தது. சென்னையிலிருந்து இயக்குநர் சீதாபதி நேரடியாகவே பேசினார். இருபத்தெட்டு ஆவணக் கூடங்களை உண்டாக்கியவர். எந்தக் கூடத்தில் எந்த அடுக்கில் எந்தத் தட்டு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார் என்று பெயர் எடுத்தவர். தேவஇரக்கம் எழுந்து நின்றுகொண்டார். உலகம்மாள் நேர் எதிரே வந்து உட்கார்ந்து அவர் வாயைப் பார்த்தார்.

இயக்குநர் பெயரைக் கேட்டார், தேவஇரக்கம் சொன்னார். ஆறாயிரத்துச் சொச்சம் பழுது என்று பதிவேட்டில் வந்திருக்கிறதே, மற்ற இருபத்தேழு கூடங்களும் பார்த்துக்கொண்டிருக்கின்றனவே, இது என்ன கூத்து என்று ஆரம்பித்தார். குரல் உயர்ந்தது. பாதியில், “உங்க பேர் என்ன?” என்றார். தேவஇரக்கம் மறுபடி சொன்னார். வேலையை விட்டு எடுக்க இப்படித்தான் பெயரைக் கேட்டு எழுதுவார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டார். இயக்குநர் ஒழுங்கு நடவடிக்கை பற்றிப் பேசினார். ஒரு வாக்கியம் நடுவழியில் நின்றுபோயிற்று. எங்கே விட்டார் என்று தேடுவது தொலைபேசியிலேயே தெரிந்தது.

“நான் இப்ப யார்கிட்டப் பேசிட்டிருக்கேன்?”

“தேவஇரக்கம், சார். குற்றாலம்.”

அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அது வேறு குரலாக இருந்தது.

“நீங்க ஒரு புது வார்த்தை சேர்த்திருக்கீங்க இல்லையா, அந்த மூணாவது வார்த்தை. அது தலைமையகத்து அலகுகளுக்கும் செல்லுமா?”

தேவஇரக்கம் மெல்ல உட்கார்ந்தார். விசைப்பலகையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

“செல்லும் சார். உங்க அலகு எண்ணைச் சொல்லுங்க.”

 அந்தப் பக்கம் காகிதங்கள் புரண்டன. ஓர் இழுப்பறை திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது.

“எண் கிடக்கட்டும் சார், அப்புறம் பாத்துக்கிடலாம்” என்றார் தேவஇரக்கம். “இன்னைக்குக் காலைல என்ன சாப்பிட்டீங்க?”

“இட்லி” என்றார் இயக்குநர், உடனே, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. “மூணு. கொத்தமல்லிச் சட்னி.”

தேவஇரக்கம் அதை எழுதிக்கொண்டார். பக்கத்தில், ‘நினைவு, பழுது. வைத்துக்கொள்.’